அணிக்கு ஆட்டம் இல்லை, புலனத்துக்கு ஓய்வில்லை

மலேசியாவின் பேராக் மாநிலக் காற்பந்து அணி 2025-26 சூப்பர் லீக்கில் ஆடவில்லை. பணத் தட்டுப்பாடு, விலகல் என்று எல்லாம் பத்திரிகையில் வந்ததுதான், அதை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை. எட்டு முறை மலேசியக் கிண்ணம் தூக்கிய அணியின் பெயரே அட்டவணையில் இல்லை என்றால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் ஊர் ரசிகர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவைத் திறந்து பாருங்கள், இழவு வீடு மாதிரியே இருக்காது. நேற்றுகூட 2000-ஆம் ஆண்டு அணி பெரியதா, 2018 அணி பெரியதா என்று நடுராத்திரி வரை சண்டை.

குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயன் வீடுகள் காலியாயின, ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) சிதறிவிட்டோம். ஒருவன் ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். ஒருவர் ஈப்போவில் ஜாகா, அதாவது காவலாளி. ஒருவன் செம்பனை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆள், பாதி நாள் இரவு வேலை. ஈப்போ அரங்கம் எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் இரவு ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பாதிப் பேர் வேலையில்தான் இருப்பார்கள்.

அவர்களுக்காகத் தொடங்கியதுதான் குரல் பதிவு. அரங்கத்துக்கு யார் போகிறாரோ அவர்தான் அன்றைக்கு வர்ணனையாளர். அதில் ஒருவர் மட்டும் தனி ரகம். தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோரின் மகன், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். பதிவைத் திறந்ததும் முதலில் மேளச் சத்தம், பின்னால் யாரோ மலாயில் நடுவரைத் திட்டுவது, அப்புறம்தான் அவர் குரல்: “டேய், பார்த்திபன் அந்தப் பக்கம் தனியா நிக்கிறான், ஒருத்தனும் பந்தக் குடுக்க மாட்டேங்கிறான்டா!” ஜெ. பார்த்திபன் பேராக் சட்டையில் ஓடிய காலம் அது. அண்ணன் மற்றவர்களுக்கு ஒரு வரி கொடுப்பார், தமிழ்ப் பையன் காலில் பந்து பட்டால் ஒரு பாரதமே பாடுவார். ஆலைக்காரன் கொதிகலன் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், காது மூடியைக் கழற்றிவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்று கேட்பானாம். மேற்பார்வையாளர் ஒருநாள், “வயிறு சரியில்லையா தம்பி?” என்று கேட்டே விட்டார்.

அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தட்டினால் லைன் இழுக்கும். பதிவு ஒற்றை டிக்கோடு நிற்கும். கோல் விழுந்த பதிவு முதலில் வந்துவிடும், அதற்கு முன் அனுப்பிய ‘கார்னர் கிடைச்சிருக்கு’ அப்புறம் வந்து சேரும். வீட்டில் இருப்பவர்களிலும் இரண்டு கட்சி. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி தட்டு வைத்திருப்பவன் முன்னால் இருப்பான், கைப்பேசியில் நேரலை பார்ப்பவன் பின்னால் வந்துகொண்டிருப்பான். இவன் ‘கோல்ல்ல்’ என்று தட்டும்போது அவனுக்கு ஃப்ரீ கிக் எடுக்கவே ஆள் வந்திருக்க மாட்டான். இதனால் பேச்சு வார்த்தை நின்றுபோன இருவர் உண்டு. கடைசியில் ஒரு சட்டம் போட்டோம்: நேரலைக்காரன் கட்டைவிரல் காட்டும்வரை யாரும் எதுவும் தட்டக் கூடாது. பெனால்டி கிடைத்தால் மட்டும் அந்தச் சட்டத்தை ஒருவரும் மதிப்பதில்லை.

2018 அக்டோபர் 27 இரவு, ஷா ஆலாமில் திரங்கானுவோடு மலேசியக் கிண்ண இறுதியாட்டம். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் மாவு டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 3-3. பெனால்டியில் 4-1. பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு கிண்ணம். காற்பந்து என்றால் என்னவென்றே தெரியாத அம்மா, நான் கத்திய கத்தலில் அகப்பையோடு ஓடி வந்தார். அன்றைக்குக் குழுவில் வந்த குரல் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை. புது கைப்பேசி வாங்கியபோது கடைக்காரப் பையனிடம் முதலில் அதைத்தான் மாற்றச் சொன்னேன்.

செய்திக்கு முகநூல் பக்கங்கள் போதும். அங்கே எல்லாம் மலாயில் ஓடும், ஆள் கூட்டமும் அதிகம், நானும் போய் இரண்டு வரி எழுதிவிட்டு வருவேன். அங்கே பழக்கமான ஓர் அபாங்கிடம் (மலாய் அண்ணனிடம்) பழைய ஜெர்சி ஒன்று வாங்கினேன். தபாலில் அனுப்பச் சொன்னால், “நானே வர்றேன்” என்று கோலகங்சாரிலிருந்து மோட்டாரில் வந்து கொடுத்துவிட்டு, தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்து, 1998 இறுதியாட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அன்றைக்கும் எதிரணி திரங்கானு, அன்றைக்கும் பெனால்டி. ஜெர்சியை அளவு பார்க்கவே மறந்துவிட்டோம்.

‘டிக்கெட் வாங்காதவன் என்ன ரசிகன், கைப்பேசி ரசிகன்’ என்று சிலர் நக்கல் அடிப்பார்கள். இரவு வேலைக்காரனைப் பார்த்து அப்படிச் சொல்வது அநியாயம். அதே சமயம் லைக்கை வைத்து ஓர் ஆட்டக்காரனுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. நூறு கட்டைவிரலைவிட ஒரு டிக்கெட் காசு அணிக்கு உதவும். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது குழுவில் பெரிய பிரச்சினை, பேராக் திரும்பி வரும்வரை யாரை ஆதரிப்பது என்பதுதான். கிள்ளானுக்குக் குடிபோனவன் அந்த மாநில அணியான சிலாங்கூருக்கு ஆள் பிடிக்கிறான். அவனுக்குப் பதில் சொல்லவென்றே புந்தோங்கில் ஓர் அண்ணி இருக்கிறார். பேராக் கிண்ணம் வென்ற ஆண்டுகள் அவருக்கு மனப்பாடம்: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. “சுதந்திரம் கிடைச்ச வருஷமே கிண்ணம் எங்க கையில, தெரியுமா?” என்று தட்டுவார். அவன் பதிலுக்கு 33 என்று ஓர் எண்ணை மட்டும் போடுவான். சிலாங்கூர் அத்தனை முறை வென்றிருக்கிறது, என்ன செய்வது! அண்ணி அதைப் பார்த்ததும் குழுவிலிருந்து விலகுவார், மறுநாள் காலை யாராவது மறுபடி சேர்த்துவிடுவார்கள். வாக்கெடுப்பு வைத்தோம். ‘யாரையும் இல்லை’ என்பதுதான் ஜெயித்தது, நானும் அதற்குத்தான் போட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டவுன் திடலில் தாமான் பையன்களும் தொப்பை வைத்த பழைய ஆட்டக்காரர்களும் ஆடுவதை இப்போது வர்ணனை செய்து அனுப்புகிறார். பாலம் தாண்டிப் போகிறவனும் ஆலைக்காரனும் அதையும் விடாமல் கேட்கிறார்கள். போன வாரப் பதிவில் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவராக வரவேண்டியவர் கல்யாண விருந்தில் உட்கார்ந்துவிட்டாராம், அவரைக் கூப்பிட யார் போவது என்று இரண்டு அணியும் சேர்ந்து போட்ட சண்டைதான் முழுக்க.