பத்துக்கு எத்தனை?

வாரப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்ததும் என் தலையில் விழுந்த முதல் பொறுப்பு, ஜோக் பார்ப்பது. 50 காசு அஞ்சலட்டைகள் கட்டுக் கட்டாக வரும். மூன்று பேர் தனித்தனியே படித்து, துண்டுச்சீட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவோம். சராசரி ஆறைத் தாண்டினால் ஓவியரிடம் போகும். அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மூத்த ஆசிரியர் வைத்த சட்டம். பக்கத்து நாற்காலிக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாலே நம் மார்க்கில் இரண்டு ஏறிவிடும்.

வெளியே சொன்னால், கொடுத்துவைத்த வேலை என்பார்கள். மன்னர், டாக்டர், ராப்பிச்சை, மாமியார் என்று ஒரு கட்டை முடிப்பதற்குள் எங்கள் முகம் இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி ஆகியிருக்கும். கனவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடி போட்டுத் தூங்கும் தாத்தா, வருஷா வருஷம் வேறு வேறு ஊரிலிருந்து வருவார். பழசாக ஐந்தாறு பார்த்த பிறகு சுமாரான ஒன்று வந்தால்கூட ஏழு போடக் கை துறுதுறுக்கும். பிரமாதமான ஒன்றுக்கு அடுத்து மாட்டியது, பாவம், நாலைத் தாண்டாது. அதனால் கட்டை ஆளுக்கொரு வரிசையில் கலைத்துப் படிப்போம்.

அரசியல் ஜோக்கை மட்டும் மூத்தவர் இரண்டு தடவை படிப்பார். 1987இல் அட்டையில் வந்த ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. (அந்த ஜோக்குக்கு நான் எட்டு போடுவேன்.)

எனக்கு உறுத்தியது சராசரிதான். ஒரு கட்டில் இது இருந்தது:

"எதிரி அனுப்பிய போர் ஓலையை மன்னர் என்ன செய்தார்?"

"'அப்படி யாரும் இங்கே இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டார்!"

மூன்று பேரும் ஏழு. பிரசுரமானது. அதே கட்டில் இன்னொன்று:

"அந்த நாற்காலி ஏன் சும்மா கிடக்கு?"

"சும்மா இல்லை சார், காத்துக்கிட்டிருக்கு."

நான் பத்து போட்டேன். "இதுல என்ன தம்பி இருக்கு?" என்று மூத்தவர் ஒன்று போட்டார். மற்றவர் மூன்று. கழிந்தது. மன்னரை யாரும் வெறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாற்காலியை நினைத்து நான் பஸ்ஸில்கூடச் சிரித்திருக்கிறேன்.

பிரிட்டனில் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 2001இல் இணையத்தில் இதையே பெரிய அளவில் செய்தார். 40,000க்கும் மேற்பட்ட ஜோக்குகளுக்குப் பல நாட்டு மக்கள் மார்க் போட்டார்கள். வென்றது வேட்டைக்காரர் ஜோக். காட்டில் ஒருவன் சுருண்டு விழ, நண்பன் அவசர உதவிக்குப் போன் செய்து, செத்துவிட்டான் போலிருக்கிறது என்கிறான். "முதலில் செத்துட்டாரான்னு உறுதி பண்ணுங்க" என்கிறது மறுமுனை. துப்பாக்கிச் சத்தம். "சரி, அப்புறம்?"

நல்ல ஜோக்தான். ஆனால் உலகத்திலேயே சிறந்ததா? எல்லாருடைய சீட்டிலும் ஏழு வாங்கிய ஜோக் என்றுதான் எனக்குப் படுகிறது.

வாரம் ஒன்றாவது, யாராவது ஒருவர் பத்து போட்டதை மற்றவர்கள் என்ன போட்டிருந்தாலும் வெளியிடலாமே என்று கேட்டேன். மூத்தவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: புரியவில்லை என்று திட்டி வரும் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுத வேண்டும்.