மேரியன்பெர்ரி, 19 லிட்டர்

மார்ச் 3, திங்கள்
44. வேலை போய்விட்டது; வேறு கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க இன்னும் இத்தனை நாள்தான்.
வீட்டில் காய்ச்சப்போகிற பீருக்கு மாம்பழம் வேண்டாம், முடிவாகிவிட்டது. அல்போன்சா டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: கூழ், சர்க்கரை, சிட்ரிக் அமிலம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை முழுசாகத் தின்றுவிடும். இனிப்பு போன மாம்பழம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நாக்கில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. புளிக்கிற பழம்தான் பீரில் நிற்கும். பெல்ஜியத்துக்காரன் புளிப்புச் செர்ரியைப் போடுவது சும்மா இல்லை. அமெரிக்காவில், ஓரிகனில் உட்கார்ந்துகொண்டு டப்பாவைத் தேடுவானேன்? மேரியன்பெர்ரி இங்கேயே உண்டாக்கிய பிளாக்பெர்ரி வகை, 1956-இல் வெளிவந்தது. சீசன் இல்லைதான். உறைய வைத்தது கிடைக்கும். உறைந்து உருகினால் பழம் தானே உடைந்து சாறு விடும், அதுவும் நல்லதுக்குத்தான்.

மார்ச் 5
வேலை பற்றி மெயில் இல்லை.

மார்ச் 8, சனி
39. காய்ச்சினேன்.
கோதுமை மால்ட் பாகு 3 கிலோ, கசப்புக்கு வில்லமெட் ஹாப்ஸ் பூ 28 கிராம், ஒரு மணி நேரக் கொதி. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஊறல் போட்டாச்சா?” என்றாள். ஊரில் என்றால் போலீஸ் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கும். இங்கே 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்: எங்களைப் போல இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு வருஷம் 200 கேலன். வருஷம்!
ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி பார்க்கும் கருவி) 1.048. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இது இறங்கும்.

மார்ச் 9
குமிழி இல்லை. மூன்று தடவை எழுந்து பார்த்தேன்.

மார்ச் 10
குளுப். குளுப். காலை 6 மணியிலிருந்து.

மார்ச் 15, சனி
32. பழம் போட்டாச்சு, 2 கிலோ. 70 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து ஆறவிட்டேன். கொதிக்கவிட்டால் பெக்டின் இறங்கிக் கலங்கிப்போகும், ஜாம் கதைதான். அது மேல் பீரைக் குழாயில் இறக்கினேன். அம்மா வீடியோவில், “அது என்னடா வாளி?” “ஊறுகாய்ம்மா.” முழுப் பொய்யும் இல்லை.

மார்ச் 17
ஊதா நுரை ஏர்லாக்கை (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடி) தாண்டிச் சுவரில். வாடகை வீடு. துடைத்தும் கறை போகவில்லை, அட்வான்ஸில் பிடிப்பார்கள். எந்தத் தேதியில் என்பதுதான் தெரியாது.

மார்ச் 24, திங்கள்
23. 1.012.
இது நின்றுவிட்டதா, மெதுவாக இறங்குகிறதா? நின்றுவிட்டது என்று நம்பி இன்றைக்கே அடைத்தால் ஒரு வாரம் மிச்சம். பழச் சதையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாட்டிலுக்குள் புளிக்கும், வாயு போக வழியிருக்காது, வெடிக்கும். கண்ணாடி. கப்போர்டுக்குப் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். காத்திருந்தால் ஒரு வாரம் போகும். அடைத்தபின் வாயு ஏற இரண்டு வாரம். கூட்டிக் கழித்துக் காலண்டரில் பென்சிலால் எழுதினேன், அழித்தேன். அந்த ரெக்ரூட்டரும் இப்படித்தான்: “ஒரு வாரம் பொறுங்கள்.” அவருக்கு என்ன, அவர் வீட்டில் எதுவும் வெடிக்காது.
அடைக்கவில்லை.

மார்ச் 27
1.010. நல்லவேளை.

மார்ச் 30, ஞாயிறு
17. மூன்று நாளாக 1.010, அசையவில்லை. பாட்டிலில் அளவாக வாயு ஏற, சர்க்கரை 120 கிராம், இரண்டு கப் தண்ணீரில் காய்ச்சிக் கலந்தேன். அவள் மூடி அழுத்தினாள், நான் நிரப்பினேன், 48. அதில் ஒன்று மட்டும் பிளாஸ்டிக் பாட்டில், விரலால் அழுத்தி வாயு ஏறியதா என்று பார்க்க. அடியில் மிஞ்சியதைக் குடித்தோம்: வெதுவெதுப்பு, வாயு இல்லை, முதலில் புளிப்பு, அப்புறம் ரொட்டி. நிறம் நாவல்பழம் தின்ற நாக்கு. “ஹார்லிக்ஸ் எங்கே போச்சு?” என்றாள்.
ஏப்ரல் 13-க்கு முன்னால் திறக்கக் கூடாது. அன்றைக்கு 3.

ஏப்ரல் 1
அட்டைப்பெட்டிகள் 12 வாங்கி வந்தாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்
13. பிளாஸ்டிக் பாட்டிலை அழுத்தினேன். நேற்றைக்கு விட விறைப்பு. 11 மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது 10.50