பாண்டு என்பது பத்திரமா, கயிறா?

ஒப்பந்தங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதுதான் எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சோறு போடும் வேலை. இதில் என்னை அதிகம் கலங்க வைத்தது நீளமான சட்டச் சொல் எதுவும் இல்லை, 'பாண்டு' என்கிற சின்னச் சொல்தான்.

ஒரு நிறுவனத்தின் வேலை ஒப்பந்தத்தில் 'சர்வீஸ் பாண்டு' என்று இருந்ததை அவசரத்தில் 'பணிப் பத்திரம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிதாகச் சேர வந்தவர்களுக்கு அதைப் படித்துக்காட்டவும் என்னையே கூப்பிட்டார்கள். முன் வரிசையில் ஒரு தம்பி, பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, இந்தப் பத்திரம் ரெண்டு வருஷம் கழிச்சு முதிர்வாகுமா? பணம் எங்க கைக்கு வருமா?" இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் அவன்தான் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தின் பொருள். எனக்கு உடம்பே சில்லிட்டுவிட்டது.

அன்றிரவு அகராதியோடு உட்கார்ந்தேன். 'பைண்ட்' என்றால் கட்டு. பாண்டு, பட்டையைச் சொல்லும் பேண்ட், கட்டாகச் சேர்த்ததைச் சொல்லும் பண்டில் எல்லாம் அதன் பிள்ளைகள். நாம் சம்பந்தி, சம்பந்தம் என்று சொல்கிறோமே, அதிலுள்ள வடமொழிப் 'பந்த'மும் இவற்றுக்குத் தூரத்து உறவு. முதலில் பாண்டு என்பது கட்டுகிற கயிறு, விலங்கு. பிறகு ஆளை அவன் வாக்கோடு கட்டுகிற எழுத்து. அப்புறம் காசு கொடுத்து வாங்கும் தாளுக்கும் அதே பெயர். நான் கயிறு இருந்த இடத்தில் வெறும் தாளை வைத்திருக்கிறேன்.

லத்தீன் 'லிகாரே'வும் கட்டுவதுதான். எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் லிகமென்ட், கடமையைக் குறிக்கும் ஆப்ளிகேஷன், பொறுப்பாளி என்னும் லையபிள், கடன் தீரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லீயன், நான்கிலும் அதே முடிச்சு.

ஆனால் எல்லாவற்றையும் கயிற்றில் சேர்த்துவிடவும் முடியாது. அடிமைத்தனத்தைச் சொல்லும் 'பாண்டேஜ்' கட்டிலிருந்து பிறக்கவில்லை. ஸ்காண்டிநேவியாவில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'போன்டி' என்றால் நிலத்தில் குடியிருந்து உழுகிறவர். ஹஸ்பெண்டில் இருப்பதும் அவர்தான், வீட்டுக்கு உடையவர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அந்த உழவரின் நிலை தாழ்ந்து பண்ணையாள் ஆனார், அவரோடு சொல்லும் தாழ்ந்தது, பிறகுதான் கயிற்று 'பாண்டு' அதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'பாண்டட் லேபர்' என்று படிக்கும்போதெல்லாம் அந்த உழவர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

நம்மிடமிருந்தும் ஒரு கட்டு அங்கே போயிருக்கிறது. கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்'. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு சொல்லுக்குள்ளேயே இருக்க, அதைச் சொல்லும் ஆங்கிலேயருக்கு அது தெரியாது. நமக்குக் கட்டு, பிணை, தளை, யாப்பு என்று எத்தனை இருக்கின்றன! யாத்தல் என்றாலே கட்டுதல்தான். இவ்வளவை வைத்துக்கொண்டு நான் பத்திரம் என்று எழுதியது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் போய், யாரையும் கேட்காமல் தலைப்பை 'பணிப் பிணைப்பு' என்று மாற்றினேன். அதன்கீழ், "இரண்டு வருடம் முடியும் முன் விலகினால் பணியாளர் நிறுவனத்துக்குப் பணம் செலுத்தக் கட்டுப்பட்டவர்" என்று எழுதி அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். அப்பாவிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பேனாவை மூடினான்.