உயரம் வராது, மூச்சு வரும்

1989 ஜூன் மாதம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கலைக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையின் சாவி அது. திறந்து பார்த்தால் கூடைப்பந்துகள் மூன்று. இரண்டில் காற்று நிற்கவில்லை. வெளியே ஒரு சிமென்ட் கோர்ட். கோடுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. மஞ்சள் பெயிண்ட் வாங்கி, நூல் பிடித்து, 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் அளந்து, நானும் வாட்ச்மேனும் இரண்டு நாள் குனிந்த முதுகு நிமிராமல் கோடு போட்டோம். 2021-இல் ஓய்வு பெறும்வரை அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது.

பெரிய கல்லூரிக்கும் சிறிய கல்லூரிக்கும் கூடைப்பந்தில் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: உயரம். ஆறடி நாலு அங்குலத்தில் ஒரு பையன் பிளஸ் டூ படிக்கிறான் என்று தெரிந்தாலே சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், இலவச விடுதி, ஷூ, பிறகு வங்கியிலோ ரயில்வேயிலோ வேலைக்கு ஒரு வழி. எங்களால் இவற்றில் எதையும் தர முடியாது. எங்களிடம் வந்தவர்கள் சுற்றுவட்டார கிராமத்துப் பையன்கள். கபடி ஆடியவர்கள், ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவர்கள், கூடைப்பந்தைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள். அணியில் மிக உயரமானவன் ஐந்தடி பத்து அங்குலம். ரிங்குக்கு அடியில் நின்று ஆட வேண்டிய சென்டர், எங்களுக்கு அவன்தான்.

முதல் மூன்று ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தோம். நான் படித்தது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். அங்கே கற்றுக்கொண்ட ஆட்டத்தை அப்படியே இங்கே ஆட வைத்தேன். பந்தை நிதானமாகக் கொண்டுபோய், சென்டரிடம் கொடுத்து, அவன் ரிங்குக்கு அடியில் திரும்பிப் போட வேண்டும். அவன் திரும்பும்போது எதிரே இரண்டு பேர் கையைத் தூக்கி நின்றால் ரிங்கே தெரியாது. தோற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது பையன்கள் பேசாமல் வருவார்கள். குறை அவர்களிடம் இல்லை, நான் ஆடச்சொன்ன ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

1992 கோடை விடுமுறையில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போனபோது, நூலகத்தில் இருந்த ஒரு பழைய விளையாட்டு இதழில் ஜான் மெக்லெண்டன் என்ற பெயரை முதன்முதலாகப் படித்தேன். அதன் பிறகு அவரைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் விடாமல் படித்தேன். சிறிய கல்லூரியில் பயிற்சி கொடுக்கிற யாரும் அவரைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

கூடைப்பந்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்துத் தொடங்கிய ஆட்டம் இது. அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்ததால்தான் இன்றுவரை ரிங் பத்தடியில், அதாவது 3.05 மீட்டரில் இருக்கிறது. அது எட்டடியாக இருந்திருந்தால் என் பையன்களின் கதையே வேறு என்று பலமுறை நினைத்ததுண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் எங்கள் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கினார். நைஸ்மித் பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1930-களில் அவரிடம் பாடம் கேட்டவர் மெக்லெண்டன். கறுப்பின மாணவர் என்பதால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஆட அவருக்கு இடம் கிடையாது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே படித்தும் கோர்ட்டுக்குள் கால் வைக்க முடியாத நிலை. அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார்.

பிறகு வடகரோலினாவின் டர்ஹம் நகரில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு சிறிய கல்லூரியில் பயிற்சியாளரானார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம். அதே நகரின் டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலிருந்து வெள்ளையர் அணி ஒன்று யாருக்கும் தெரியாமல் அந்தக் கல்லூரிக்கு வந்தது. இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவதை அங்கிருந்த சட்டமும் வழக்கமும் அனுமதிக்காத காலம் அது. கதவைப் பூட்டிக்கொண்டு, பார்வையாளர் இல்லாமல் ஆடினார்கள். மெக்லெண்டனின் அணி 88-44 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் கலந்து, புதிதாக இரண்டு அணிகளாகப் பிரிந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது ஆட்டம்தான்.

டென்னசியின் நாஷ்வில் நகரில் இன்னொரு கல்லூரிக்குப் போய் 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டத்தை வென்றார். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே முறை. எதிரணிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கக்கூடாது. பந்து கைக்கு வந்தவுடன் ஓட வேண்டும். பந்து போனால் கோர்ட் முழுவதும் துரத்த வேண்டும். மற்றவர்கள் 20 நிமிடம் ஓடத் தயாராகி வந்தால் இவர்கள் 40 நிமிடம் ஓடத் தயாராகி வருவார்கள்.

படித்துவிட்டு ஊர் திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உயரத்தை நான் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. மூச்சைக் கொண்டுவரலாம்.

அந்த ஜூன் மாதத்திலிருந்து பயிற்சி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. முதல் நாற்பது நிமிடம் பந்தே கிடையாது. பேஸ் லைனிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு வரை ஓடித் திரும்புவது, நடுக்கோடு வரை ஓடித் திரும்புவது, எதிர்க்கோடு வரை ஓடித் திரும்புவது. ஒவ்வொருவரின் நேரத்தையும் ஸ்டாப் வாட்ச் பார்த்து நோட்டில் எழுதுவேன். பிறகு பந்தைத் தரையில் தட்டாமல் பாஸ் மட்டும் கொடுத்து மூன்று பேர் ஓடிப்போய், ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பி லே-அப் போட வேண்டும். பிறகு எதிரணியைக் கோர்ட் முழுவதும் நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ். பந்தை உள்ளே எறிகிறவனையே மறிப்பது, வாங்குகிறவனை ஓரக்கோட்டுக்குத் தள்ளுவது, அங்கே இரண்டாமவன் வந்து அடைப்பது. ஓரக்கோடும் ஒரு தடுப்பாட்டக்காரன் என்று பையன்களுக்குச் சொல்வேன். கபடி ஆடிய கால்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. ஒருவனை மூலைக்குத் தள்ளி வளைப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் அரையிறுதி வரை போனோம். அதற்கு அடுத்த ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல்முறையாகக் கோப்பை வந்தது. 2000-ஆம் ஆண்டு சர்வதேச விதிகள் மாறின. இரண்டு பாதிகளாக இருந்த ஆட்டம் பத்துப் பத்து நிமிடங்களாக நான்கு பகுதிகளானது. ஷாட் எடுக்க 30 விநாடி என்றிருந்தது 24 ஆனது. நடுக்கோட்டைத் தாண்ட 10 விநாடி என்றிருந்தது 8 ஆனது. நிதானமாக ஆடிய அணிகளுக்கு அது பெரிய இடைஞ்சல். எங்களுக்கோ அந்த இரண்டு விநாடி கோயில் பிரசாதம் மாதிரி. பிரஸ் ஆடுகிறவனுக்கு இரண்டு விநாடி என்றால் என்ன என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் பெருமையாகச் சொல்லும்போது 1996-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அந்த அணியில் ஒருவன் இருந்தான். நல்ல கை, நல்ல பார்வை. ஆனால் சில நாள் மின்னலாக ஓடுவான், சில நாள் காலை இழுத்துக்கொண்டு வருவான். சோம்பேறி என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் எல்லோர் முன்னிலும் சொன்னேன். ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய ஓராண்டு. கூடுதலாக ஓட வைத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினான்.

பல்கலைக்கழகப் போட்டிக்கு முன்பு பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய மோசமான நேரங்கள் எல்லாம் வாரத்தில் அதே மூன்று நாள்களில் வந்திருந்தன. ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. சோம்பேறித்தனம் கிழமை பார்த்து வராது. மறுநாள் காலை அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். அவன் பனியனின் தோள்பட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. அதற்கு முன்பும் பலமுறை பார்த்திருக்கிறேன். என்ன என்று கேட்கத் தோன்றியதில்லை.

“பேட்டையில் லோடு இறக்குகிறேன் சார். சந்தை நாளில் மட்டும்” என்றான். இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிவிட்டு, அங்கிருந்து நேராகச் சைக்கிளில் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்டேன். “டீ குடித்தேன் சார்” என்றான்.

அந்த நோட்டில் இருந்த எழுத்து என் கையெழுத்து. ஓராண்டுக் கணக்கு அதில் கண்முன்னே கிடந்தது. மூச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடற்கல்வி படித்தவன் நான்.

சந்தை நாள்களில் பயிற்சியை மாலைக்கு மாற்றினேன். மற்ற நாள்களில் ஆறரைக்குத் தள்ளினேன். ஓட்டத்துக்கு முன்பு ஆளுக்கு ஒரு வாழைப்பழம், முடிந்தவுடன் ஊறவைத்த கொண்டைக்கடலையும் இரண்டு முட்டையும். இதற்கு நிதி கேட்டு எழுதிய கடிதங்களுக்கு “பரிசீலிக்கப்படும்” என்ற பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. பேராசிரியர்கள் ஒன்பது பேர் மாதாமாதம் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். வேதியியல் துறையில் இருந்த ஓர் அம்மா ஓய்வு பெற்ற பிறகும் கொடுத்தார். வெளியூர்ப் போட்டிகளுக்குக் கிடைக்கும் பேட்டா ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் காணும். கோப்பைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கடலைக் கணக்கைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் விரும்புகிறேன். எங்கள் நான்காவது பகுதி ஆட்டம் அதில்தான் ஓடியது.

ஒவ்வொரு மே மாதமும் பையன்களைப் பெரியகுளத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே இரவு வெளிச்சத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க வேண்டும். இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., ராணுவ அணிகள் என்று பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். ஊரே கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸுக்கும் கை தட்டும். பந்து இருக்கும் இடத்தைப் பார்க்காதே, பந்து இல்லாதவன் என்ன செய்கிறான் என்று பார் என்று சொல்லி உட்கார வைப்பேன். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொருவனாகச் சொல்ல வேண்டும். அந்தப் பயணங்களில் பையன்கள் கற்றுக்கொண்டது நான் ஓராண்டில் சொல்லித் தந்ததைவிட அதிகம்.

போனவர்களும் உண்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் கார்டு ஆட்டக்காரன் ஒருவனை இரண்டு ஆண்டுகள் செதுக்கி எடுத்தேன், அவனை வேறொரு கல்லூரி அழைத்துக்கொண்டது. அவன் சொல்ல வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விடுதியும் சாப்பாடும் இலவசம் என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவன் எங்களுக்கு எதிராக ஆடினான். நாங்கள் பிரஸ் தொடங்கியதும் ஓரக்கோட்டுப் பக்கம் போகாமல் நடுவில் புகுந்து வெளியேறினான். என்னிடம் கற்றதுதான் அது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். தோல்வியின் நடுவே எனக்குக் கை தட்டத் தோன்றியது.

2010-இல் மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளினார்கள். மறுபடியும் மஞ்சள் பெயிண்ட் வாங்கினேன். இந்த முறை வாட்ச்மேன் இல்லை. பையன்களே நூல் பிடித்தார்கள். பழைய கோட்டைச் சாம்பல் நிறத்தால் அழித்தோம். வெயிலில் அது திரும்பத் திரும்ப மேலே வந்துகொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற நாளில் பழைய அணியினர் பலர் வந்திருந்தார்கள். வெங்காயப் பேட்டைக்காரனும் வந்தான். அவனுக்கு விளையாட்டில் வேலை எதுவும் கிடைக்கவில்லை. அதே பேட்டையில் இப்போது கமிஷன் கடை வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு கோர்ட் ஓரத்தில் இருவரும் நின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். “உன்னை எல்லோர் முன்னிலும் சோம்பேறி என்று சொன்னேன். அது தப்பு” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்படிச் சொன்னீர்களா சார்? எனக்கு ஞாபகமில்லை. பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றினீர்கள், அது ஞாபகமிருக்கிறது” என்றான். பிறகு கீழே கிடந்த பந்தை எடுத்து ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றான். ஐம்பதை நெருங்கும் வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று முறை பந்தைத் தட்டிவிட்டுப் போட்டான். பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தது. ரீபவுண்டை எடுத்து அவனுக்கு மறுபடி பாஸ் கொடுத்தேன்.