மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் நர்ஸாக இருந்தேன். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரே நாளில் நிறுத்துவார்கள். ஊரே பாராட்டும். நான் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன், நடுங்குகிறதா என்று.

ஒரு வருடம், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர் மாலை போட்ட மூன்றாம் நாள் வந்தார். அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை. சுடுதண்ணீர் கொடுத்தேன், டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி கறுப்பு வேட்டியில் கொட்டிவிட்டது. "தூக்கமே இல்ல சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார்.

இதைப் பலர் மன உறுதிக் குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வருடக்கணக்கில் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் தடுமாறும். முதலில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு, அடுத்து, இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும். உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துத்தான் குடியை நிறுத்த வேண்டும்.

பிரஷர் பார்க்கும்போது மெதுவாகச் சொன்னார்: "இருந்து என்ன ஆகப்போகுது."

வேலைக்கு வந்த புதிதில் இதற்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "அப்படியெல்லாம் பேசாதீங்க, புள்ளைங்கள நினைச்சுப் பாருங்க." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அதோடு அவர்கள் வாய் மூடிவிடும். அதனால் அன்று நேராகவே கேட்டேன்: "சாமி, செத்துரலாம்னு தோணுதா?"

வெளியே கொழுந்து எடை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஆமா சிஸ்டர். மூணு மாசமா." அப்புறம் அழுதார். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மனைவியை வரவழைத்தேன். அவர் முதலில் கேட்டது, "போலீஸ் கேஸ் ஆகுமா சிஸ்டர்?" தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் எத்தனை வீடுகள் இந்த ஒரு பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கும்! நினைப்பு வந்ததற்கு எந்தக் கேஸும் கிடையாது. முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. வீட்டில் ஆபத்தான பொருள் எதையும் வைக்காமல் இருட்டுவதற்குள் அப்புறப்படுத்தச் சொன்னேன். 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் அந்தத் தொழிலாளி வர மறுத்தார். "மாலையோட எப்படி?" குருசாமியைக் கூப்பிட்டு அனுப்பினோம். பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உசுரு இருந்தாத்தானே சாமி மலை ஏறணும்? நானே கழட்டறேன்" என்றார். சரணம் சொல்லிக் கழற்றி, தன் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, ஊட்டிக்கு ஜீப்பில் அவரும் ஏறினார்.

தை மாதத்தில் அந்தத் தொழிலாளி மறுபடி குடித்தார். மனைவி உடைந்துபோனார், எனக்கும் வலித்தது. இந்த நோயில் சறுக்கல் சகஜம் என்று தெரிந்திருந்தும் வலித்தது. ஒரு வாரம் கழித்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால், பனி விலகாத நேரத்தில் மருந்தக வாசலில் ஒருவர் நின்றிருந்தார். நான் சாவியை எடுப்பதற்குள் அவரே சொன்னார்:

"சிஸ்டர், அந்த நினைப்பு திரும்ப வருது. அதான் வந்தேன்."