மச்சினன் வாங்கின 144 ஹெர்ட்ஸ்

என் மச்சினனுக்கு ஒரு பொருள் வாங்க பெருசா காரணம்லாம் வேணாம், ஆஃபர்னு காதுல விழுந்தா போதும். அப்படி தூக்கிட்டு வந்ததுதான் 27 இன்ச் 4கே மானிட்டர். டப்பா மேலயே 144 ஹெர்ட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அதாவது செகண்டுக்கு 144 தடவ ஸ்க்ரீன்ல படம் புதுசாகும். மாட்டுனது எதுல? காலேஜ்ல வாங்கின 11.6 இன்ச் குட்டி லேப்டாப்ல. அதோட சொந்த ஸ்க்ரீன் 1366க்கு 768, மொத்தமே பத்தரை லட்சம் பிக்சல்தான், மானிட்டர்ல கிட்டத்தட்ட 83 லட்சம்.

ஹெச்டிஎம்ஐ சொருகுனதும் படம் வந்துருச்சு, பய முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. அப்புறம் மௌஸ நகத்துனான் பாருங்க, அம்புக்குறி விட்டு விட்டு தாவுது, விண்டோவ புடிச்சு இழுத்தா கை போய் சேந்த பிறகுதான் அது மெதுவா வருது. சோபால காபி குடிச்சிட்டிருந்த மாமனார் "என்னடா உன் எலி தள்ளாடுது, சரக்கு போட்ருச்சா"ன்னுட்டார்.

செட்டிங்ஸ்ல ரெஃப்ரெஷ் ரேட், அதான் அந்த ஹெர்ட்ஸ் லிஸ்ட்ட தொறந்தா 24, 25, 30, அதோட சரி. "அத்தான், மானிட்டர் டூப்ளிகேட்டு"ன்னு குதிக்கிறான். டேய் மானிட்டர் நல்லாத்தான்டா இருக்கு, உன் லேப்டாப்ல இருக்கறது பழைய ஹெச்டிஎம்ஐ 1.4, அதால பிக்சல 340 மெகாஹெர்ட்ஸ் வேகம் வரைக்கும்தான் தள்ள முடியும், 4கேல 30 ஹெர்ட்ஸுக்கே 297 வேணும், 60ன்னா அப்படியே டபுள், 594, எங்க போறதுன்னேன். கேட்டாத்தானே? நேரா ரிச்சி ஸ்ட்ரீட் போயி, "கோல்டு பிளேட்டட் சார், 8கே வரைக்கும் வரும்"னு கடைக்காரர் சொன்ன கேபிள வாங்கிட்டு வந்தான். கேபிள் சும்மா தகதகன்னு மின்னுது. லிஸ்ட்ல அதே 30.

அப்புறம் டைப்-சி அடாப்டர். அந்த போர்ட்ல சார்ஜ் ஏறும், பென்டிரைவ் ஓடும், வீடியோ மட்டும் வராது, எல்லா டைப்-சியும் வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கறதுதான் இதுல பெரிய கொடுமை. பாக்ஸ பிரிச்சதால கடையில ரிட்டர்னும் எடுக்கல.

கடைசில நானே ரெசல்யூஷன 1080பிக்கு, அதாவது 1920க்கு 1080ன்னு எறக்கி வச்சேன், உடனே 120 ஹெர்ட்ஸ் வந்துருச்சு, அதுக்கும் அதே 297 தான் ஆகுது, மௌஸ் வெண்ணெயா வழுக்குது. "4கே வாங்கிட்டு 1080பியில பாக்கறதா, மானம் போயிரும்"ங்கறான். ரொம்ப நேரம் பஞ்சாயத்து பண்ணி 2560க்கு 1440, 60 ஹெர்ட்ஸ்னு முடிவாச்சு. எழுத்து ஓரத்துல லேசா மங்கலாதான் தெரியுது, அவன் அத ஒத்துக்க மாட்டான்.

ஃப்ரெண்ட்ஸ் வந்தா மட்டும் 4கேக்கு மாத்தி ஒரு அருவி வால்பேப்பர போட்டு காட்டுவான். தள்ளி நின்னு பாத்துட்டு போகணும், மௌஸ யாரும் தொடக்கூடாது.