போதுமான நீளம்

அந்த நாயின் சங்கிலியை நான் சாண் போட்டுத்தான் அளந்தேன். இரண்டு சாணும் நாலு விரலும் இருந்தது. மாடிப்படிக்கு அடியில், காலி சிலிண்டருக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். எழுந்து நின்றால் தலை படியில் இடிக்கும். படுத்தால் தன் மூத்திரத்திலேயே படுக்க வேண்டும். கழுத்துப்பட்டை தோலுக்குள் இறங்கிவிட்டது; அதன் ஓரத்தில் புழு நெளிந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டியதும் கடிக்க வரவில்லை, வாலை ஆட்டியது.

கால்நடை உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்றாவது வருடம். தாராபுரம் பக்கம் ஒரு சிறிய ஊரில் மருந்தகம். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கன்று போட முடியாமல் தவிக்கும் மாடு என்று ஓடிக்கொண்டிருந்த என்னைச் சட்ட வேலைக்கு யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்திருந்தார். நாயின் மேல் இரக்கப்பட்டு அல்ல, ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று. கூட வந்த ஏட்டய்யா, "சங்கிலி சின்னதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துருங்க டாக்டர், மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் புரட்டினேன். 11-ஆவது பிரிவில் எல்லாம் இருக்கிறது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். திரும்பி நகர இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பது குற்றம். போதுமான தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். எல்லாம் சரி, எத்தனை அடி இருந்தால் நியாயம்? எவ்வளவு இருந்தால் போதும்? அதைச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்காரரோ, "தெனமும் கறிக்கொழம்புங்க சார், நாங்க திங்கறதத்தான் அதுவும் திங்குது" என்றார். அது பொய்யில்லை. நாய் நன்றாகக் கொழுத்துத்தான் இருந்தது.

இரண்டு சாண் நாலு விரல் என்று சர்டிபிகேட்டில் எழுத முடியாதே. மறுநாள் தையல் கடைக்காரர் வைத்திருப்பது போல ஒரு நாடா வாங்கிக்கொண்டு போய் மறுபடி அளந்தேன். 52 சென்டிமீட்டர். புண்ணைச் சுத்தம் செய்து, டர்பன்டைன் விட்டுப் புழுவை ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. வழக்கு முடிய ஏழு மாதம். முதல் குற்றத்துக்குச் சட்டத்தில் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான் அபராதம். ஐம்பதே போட்டார்கள். அவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். சில்லறை இல்லை என்று சொல்லி அவரை அரை மணி நேரம் நிற்கவைத்ததுதான் எனக்குத் தெரிந்து அவர் அனுபவித்த கூடுதல் தண்டனை.

அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் வாதாடியதால் வந்தது அது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது, பிறகு ஹரியானாவுக்குப் போய்விட்டது. 1960-இல் ஐம்பது ரூபாய்க்குச் சுமார் அரைப் பவுன் தங்கம் வாங்கலாம். அன்றைக்கு அது அபராதம்தான். தொகையைக் கூட்டுவதற்கு 2022-இல் ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அது சட்டமாகவில்லை.

சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் கணக்குகள் உண்டு. வண்டி மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. அப்படிப் பார்த்தால் கரூர்ப் பக்கம் சித்திரையில் மத்தியானம் ஒரு வண்டி ஓடியிருக்கக் கூடாது. ஓடியது, நானும் பார்த்தேன், பேசாமல் போயிருக்கிறேன். மூக்கணாங்கயிறு குத்துவதை அதே 11-ஆவது பிரிவு விலக்காக அனுமதிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கைத் துளைக்கலாம், கயிறு குட்டையாக இருக்கக் கூடாது. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காங்கேயம் காளையை மூக்கணாங்கயிறு இல்லாமல் பிடித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நாடா அதற்குப் பிறகு என் பையிலேயே இருந்தது. மாட்டுக் கொட்டகைக்குக் கல்லூரியில் படித்த கணக்கு எனக்கு மனப்பாடம்: பசுவுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டர், திறந்த வெளியில் 7. எருமைக்கு 4, 8. கன்றுக்கு 1, 2. எங்கே போனாலும் நாடாவை விரித்தேன். என்னோடு இருந்த பராமரிப்பு உதவியாளர், "டாக்டர் மாட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறாருங்களா?" என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுச் சிரிப்பார்.

அந்த நாடாவின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் ஆட்டம் கண்டது.

ஒன்று, தனியாக இருந்த ஒரு ஆத்தாவின் வீடு. ஒற்றை மாடு. கொட்டகையே கிடையாது. என் கணக்குப்படி முழுத் தோல்வி. ஆனால் அந்த மாட்டின் மேல் ஒரு காய்ந்த சாணித் துணுக்கு இல்லை. விசாரித்தால், காலையில் வீட்டுக்கு மேற்குப் பக்கம் கட்டுவார், உச்சிவேளைக்கு வேப்ப மரத்தடி, மூன்று மணிக்கு மேல் கிழக்குச் சுவர் ஓரம். நிழல் நகர நகர மாடும் நகரும். மழை வந்தால் திண்ணைக்கு மாடு வரும், ஆத்தாவின் கட்டில் உள்ளே போகும். "வயசான காலத்துல எதுக்குங்க ஆத்தா இத்தனை நடை, ரெண்டு தகரம் போட்டுக்கலாமே" என்றேன். "தகரத்துக்கடியில நீங்க ஒரு மத்தியானம் உக்காந்து பாருங்க கண்ணு" என்றார்.

இன்னொன்று, கடன் வாங்கிக் கட்டிய பெரிய பண்ணை. இருபது கலப்பினப் பசுக்கள். சிமெண்டுத் தரை, சரியான வாட்டம், வடிகால், மின்விசிறி. தலைக்கு 3.5 சதுர மீட்டருக்கு மேலேயே இருந்தது. படிவத்தில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு மாடு எழுந்தது. மாடு எப்படி எழும் என்று கவனித்திருப்பீர்கள். தலையை முன்னால் நீட்டி, உடம்பை முன்பக்கம் தள்ளி, பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். இந்த மாடு முன்னங்காலை ஊன்றி, நாய் மாதிரி உட்கார்ந்து, அப்புறம் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்தது. தீவனத் தொட்டிக்குள் சாணி விழக் கூடாது என்று கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். தலையை முன்னால் வீச இடமில்லை. குனிந்து முட்டியைப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிக் காய்த்திருந்தது. பின்னங்கால் மூட்டில் முடி போய்த் தோல் பளபளத்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். பதினான்கு மாடுகளுக்கு அப்படி இருந்தது. அத்தனையும் நான் டிக் அடித்த கொட்டகைக்குள்.

பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் பிரிட்டனின் பிராம்பெல் குழுவைப் பற்றிச் சொன்னார்கள். பண்ணை விலங்குகளைப் பற்றி 1965-இல் அறிக்கை கொடுத்த குழு. விலங்கு சிரமமில்லாமல் திரும்ப வேண்டும், எழ வேண்டும், படுக்க வேண்டும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், கைகாலை நீட்ட வேண்டும். அதற்காவது இடம் கொடு என்றது அந்த அறிக்கை. அதிலிருந்து வளர்ந்தவைதான் ஐந்து சுதந்திரங்கள் என்பவை. பசி தாகமின்மை, உடல் சௌகரியம், வலியும் நோயும் இல்லாமை, பயமில்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை நம் சட்டத்தின் 3, 11-ஆவது பிரிவுகளுக்குள் வைத்தே படித்தது. அந்தத் தீர்ப்பின் மற்ற பகுதிகளைப் பற்றி எங்கள் ஊரில் வாய் திறக்க முடியாது, அது வேறு கதை. எனக்கு அதில் கிடைத்தது, கயிற்றின் நீளத்தை மாட்டிடம் கேட்கலாம் என்பதுதான். அதற்குப் பிறகு முதலில் முட்டி, அப்புறம் தொடையில் சாணி, அப்புறம் எழுகிற விதம். நாடா கடைசியில்தான்.

பண்ணைக்காரரிடம், "கயித்த ஒன்னரை அடி நீட்டுங்க, சாயங்காலம் அவிழ்த்து வெளியில விடுங்க" என்றேன். "சட்டத்துல அப்படி இருக்குதுங்களா?" என்றார். அடிக்கணக்கு இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குங்க டாக்டர்?" மாடு நன்றாகப் படுத்து அசைபோட்டால்தான் பால் கூடும் என்று சொன்ன பிறகுதான் கயிறு நீண்டது. சட்டத்தை நான் பாதி இடங்களில் இப்படிப் பாலைக் காட்டித்தான் அமல்படுத்தினேன்.

இனி சொல்லப்போவது எனக்குச் சங்கடமான சம்பவம்.

2000-களின் கடைசியில் ஒரு ஐப்பசி. கேரளா பக்கம் போய்க்கொண்டிருந்த லாரியை ராத்திரியில் பிடித்தார்கள். உள்ளே பதினேழு மாடுகள். 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின்படி சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடு கூடியவரை என்ஜினைப் பார்த்து நிற்க வேண்டும். தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும். எதுவும் இல்லை. தலைகால் தெரியாமல் அடைத்திருந்தார்கள். காலையில் போய், "போதுமான இடம், தீனி, தண்ணீர் அளிக்கப்படவில்லை" என்று பதினேழுக்கும் சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சரி, மாடுகளை எங்கே வைப்பது? காவல் நிலைய வளாகத்தில், ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த பைக்குகளுக்கும் மணல் லாரிக்கும் நடுவில் கட்டினார்கள். நீதிமன்ற உத்தரவு வரும்வரை அவை வழக்குச் சொத்து. சோளத்தட்டுக்கு யாரிடமும் காசு இல்லை. எஸ்.ஐ. கைக்காசு போட்டார், நான் கொஞ்சம் போட்டேன், என் உதவியாளர் தெரிந்த தோட்டத்தில் கேட்டு ஒரு டிராக்டர் தட்டு கொண்டுவந்தார். ஒரு கான்ஸ்டபிள் பையன் முழுநேரமும் குடத்தில் தண்ணீர் சுமந்தான். மூன்றாம் நாள் மழை பிடித்தது. இரண்டு ராத்திரி விடவில்லை. கூரை என்று இருந்தது ஒரு கிழிந்த தார்ப்பாய். ஐந்தாம் நாள் காலையில் கிழட்டு மயிலை எருது ஒன்று, மணல் லாரியின் சக்கரத்தில் தலையைச் சாய்த்தபடி செத்துக் கிடந்தது.

பிரேதப் பரிசோதனை நான்தான் செய்தேன். நுரையீரல் கல்லீரல் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. நிமோனியா. காரணம் என்ற இடத்தில், "நெரிசலான பயணத்தால் ஏற்பட்ட களைப்பைத் தொடர்ந்து" என்று எழுதினேன். அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மழையைப் பற்றியும் தார்ப்பாயைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை. ஐந்து நாளைக்கு முன் லாரி டிரைவரைப் பற்றி நான் எழுதிய அதே சொற்கள் அந்த வளாகத்துக்கும் அப்படியே பொருந்தும். எஸ்.ஐ. நல்ல மனிதர், தண்ணீர் சுமந்த பையன் இன்னும் நல்லவன், இதில் நான் யாரை எழுதுவது என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2017-இல் வழக்குச் சொத்தான விலங்குகளைப் பராமரிப்பதற்கென்றே தனி விதிகள் வந்தன. பிடித்த விலங்கைக் கோசாலை, பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும், செலவை உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும் என்றது விதி. படித்ததும் மயிலை எருதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய், அப்போது நான் மாறிப்போயிருந்த ஊரின் காவல் நிலையத்தில் கொடுத்தேன்.

அடுத்த வருடமே மறுபடி ஒரு லாரி. பதின்மூன்று மாடுகள். எஸ்.ஐ. அந்த நகலை எடுத்துவைத்துக்கொண்டு போன் செய்தார். "டாக்டர், நீங்க குடுத்த பேப்பர்படி கோசாலைக்கு அனுப்பறனுங்க. நாப்பது கிலோமீட்டர் போகணும். வண்டி வாடகை இப்போதைக்கு யாருங்க குடுக்கறது?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "அதுவும் ஒரு நடைக்கு ஆறுதான ஏத்த முடியும்? இல்லாட்டி நம்ம மேலயே நாமதான் கேஸ் போட்டுக்கணும்."

வாடகையை ஆளுக்குப் பாதி போட்டோம். முதல் நடையில் ஆறு, இரண்டாவது நடையில் ஆறு. மூன்றாவது நடை கிளம்பும்போது இருட்டிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கிடாரி. தரையில் தென்னை நார்ப் பாய் விரித்து, கயிற்றை நீளமாகவே விட்டுக் கட்டினோம். இஷ்டப்பட்ட பக்கம் திரும்பலாம், படுக்கலாம், அத்தனை பெரிய லாரி முழுக்க அதற்குத்தான். அது நேராகப் போய் டிரைவர் கேபினை ஒட்டிய மூலையில், பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, என்ஜினைப் பார்த்தபடி நின்றது.